எங்க ஆத்து லஸ்கர் அண்ணன்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் வர முடியலை. நடவு, களை, உரம்னு ஓடிக்கிட்டே இருந்தேன். இன்னைக்கு உக்காந்து எழுதுறதுக்குக் காரணம் எங்க லஸ்கர் அண்ணன். போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை விடியக்காலம் தவறிட்டாரு. எழுபதை நெருங்கின வயசு. பேரு போட வேண்டாம்னு அவரு மகன் கேட்டுக்கிட்டதால போடலை. போட்டாலும் எங்க பக்கத்துல பாதிப் பேருக்கு அது யாருன்னு தெரியாது. முப்பத்தஞ்சு வருஷமா எங்களுக்கு அவரு லஸ்கர் அண்ணன்தான்.

எடுக்கிறதுக்குச் சாயங்காலம் ஆயிடுச்சு. மூணு மணி வாக்குல ரெண்டு மினி வேன் வந்து நின்னுது. எறங்கினது கடைமடை சனங்க, முத்துப்பேட்டைப் பக்கத்துக் கிராமத்துக்காரங்க. பொம்பளைங்க முந்தானையில எதையோ முடிஞ்சுக்கிட்டு வந்தாங்க. கிட்டப் போய்ப் பாத்தா அரிசி. வாய்க்கரிசி போட வந்திருக்காங்க. அது உறவுமுறைக்காரங்க செய்யுறது. சாதி சனம் வேற, ஊரு வேற. அண்ணன் மகன் என்ன சொல்றதுன்னு தெரியாம முழிச்சான். அந்தக் கூட்டத்துல ஒரு பெரியவர், "தம்பி, இது எங்க வயல்ல வெளஞ்ச நெல்லு குத்துன அரிசி. இவரு விட்ட தண்ணியில வெளஞ்சது. இவரு வாயில போடாம வேற யாருக்குப் போடச் சொல்றே?" அப்படின்னாரு. மகன் ஒதுங்கி வழி விட்டான்.

நான் எங்க ஊருலேர்ந்து எத்தனை பேரு வந்திருக்காங்கன்னு சுத்திப் பாத்தேன். வந்திருந்தாங்க, இல்லைன்னு சொல்லலை. ஆனா வேன் பிடிச்சு வந்த கடைமடைக் கூட்டத்துல பாதி கூட இல்லை. அவரு குடியிருந்தது எங்க ஊருல. அது ஏன் அப்படிங்கிறதுதான் இந்தப் பதிவு.

பட்டணத்துல இருக்கிற நண்பர்களுக்கு லஸ்கர்னா யாருன்னு முதல்ல சொல்லணும். ஆத்துல, பெரிய வாய்க்கால்ல தண்ணியைத் திறந்து மூடுற அரசாங்கத்து ஆளு. பாரசீகத்துல லஷ்கர்னா படைன்னு அர்த்தம். வெள்ளைக்காரன் காலத்துல கப்பல்ல வேலை பாத்த நம்ம நாட்டு ஆளுங்களையும், பட்டாளத்துல பீரங்கி இழுக்க, கூடாரம் அடிக்க வெச்சிருந்த ஆளுங்களையும் அப்படிக் கூப்பிட்டாங்க. ஆரம்பத்துல பாசன வேலையெல்லாம் பட்டாளத்து இன்ஜினியருங்க கையிலதான் இருந்தது. பட்டாளத்துப் பேரு அப்படியே ஆத்தங்கரைக்கும் வந்து ஒட்டிக்கிச்சு. ரெகுலேட்டரை நாங்க சட்ரஸ்னு சொல்லுவோம். ஷட்டர்ஸ்ங்கிற வார்த்தை எங்க வாயில அப்படி ஆயிப்போச்சு. அந்தச் சட்ரஸோட சாவி, பூட்டு, கிரீஸ் டப்பா, அளவு எழுதுற நோட்டு, ஒரு டார்ச் லைட்டு, ஒரு சைக்கிள். இதுதான் லஸ்கரோட சொத்து.

தண்ணி பாக்குறதுக்கு ஆளு வைக்கிறது நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டுல, பராந்தக சோழன் காலத்துலயே, ஏரி வாரியம்னு தனியா ஒரு வாரியம் இருந்ததுன்னு இருக்கு. ஏரிப் பாசனம் நடக்கிற மாவட்டங்கள்ல நீர்க்கட்டின்னு ஒருத்தர் உண்டு. ஊரே சேந்து அவரை வைக்கும், அறுப்பு அன்னைக்குக் களத்துலயே நெல்லு அளந்து கொடுக்கும். ஏரி அந்த ஊருது, நீர்க்கட்டியும் அந்த ஊருக்காரர். அதுல குழப்பம் ரொம்ப இல்லை.

ஆறு அப்படிக் கிடையாது. எங்க பாமணி ஆத்தையே எடுத்துக்குங்க. மேட்டூர்லேர்ந்து வர்ற தண்ணி கல்லணையில காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு பிரியுது. வெண்ணாத்துத் தண்ணி நீடாமங்கலம் கிட்ட மூணாறு தலைப்புல மறுபடி வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறுன்னு மூணாப் பிரியுது. பாமணியாறு மன்னார்குடியைத் தாண்டி முத்துப்பேட்டைப் பக்கம் போய்ச் சேருது. நடுவுல எத்தனை ஊரு, எத்தனை மதகு, எத்தனை வாய்க்கால்! மேல இருக்கிறவன் கீழ இருக்கிறவன் மூஞ்சியைப் பாத்ததே கிடையாது. இந்த இடத்துல ஊரு வெச்ச ஆளு நின்னா என்ன ஆகும்? நெல்லு அளக்கிற ஊருக்குத்தான் தண்ணி விடுவாரு. எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு ஆளு வேணும். அப்படி ஒருத்தருக்குச் சம்பளம் கொடுத்துச் சட்ரஸ்ல உக்கார வெச்சது அரசாங்கம். எங்க ஊருலயே குடியிருந்தும் அவரு எங்க ஊரு ஆளா இல்லை, ஆத்தோட ஆளா இருந்தாரு. இது எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆச்சு.

மேட்டூர் அணை வர்றதுக்கு முன்னால ஆத்துல வெள்ளம் வந்தா விவசாயம், வரலைன்னா இல்லை. 1836-ல ஆர்தர் காட்டன் முக்கொம்புல மேலணை கட்டினதால, கொள்ளிடத்துல வீணாப் போன தண்ணி காவிரிக்குத் திரும்புச்சு. ஆனாலும் தேக்கி வைக்க இடம் கிடையாது. 1934-ல மேட்டூர் அணை வந்துச்சு. 120 அடி வரைக்கும் தண்ணி தேக்கலாம், 93.47 டி.எம்.சி. கொள்ளளவு. ஜூன் 12 திறக்கிறது, ஜனவரி 28 மூடுறதுன்னு ஒரு வழக்கம் உண்டாச்சு. குறுவை போட்டு அறுத்துட்டுத் தாளடி போடலாம், இல்லைன்னா சம்பா ஒரே போகமாப் போடலாம். அணை வந்ததுக்கு அப்புறம் ஆறுங்கிறது வானம் கொடுக்கிறது மட்டும் இல்லைன்னு ஆயிடுச்சு. அளந்து விடுறதுன்னு ஆச்சு. அளக்கிறதுன்னு வந்துட்டா ஒவ்வொரு பிரிவுலயும் கணக்குப் பாக்க ஒரு ஆளு வேணும்.

டி.வி.யில "மேட்டூரில் இருந்து 10 ஆயிரம் கன அடி தண்ணீர் திறப்பு"ன்னு சொல்றாங்க இல்லையா? ஒரு நாள் முழுக்க 11,574 கன அடி ஓடினாத்தான் ஒரு டி.எம்.சி. அந்தத் தண்ணி கல்லணைக்கு வர மூணு நாள் ஆகும். கடைமடைக்குப் போய்ச் சேர அதுக்கு மேல பத்து நாளு கூட ஆயிடும். திறந்துட்டாங்கங்கிற சேதி உங்க காதுக்கு வந்த அன்னைக்கு, எங்க ஆத்துல மாடு மேஞ்சிக்கிட்டு இருக்கும்.

தண்ணி நிறைய இருக்கிற வருஷம் லஸ்கருக்கு வேலை லேசு. காலையிலயும் சாயங்காலமும் அளவுக்கல்லைப் பாத்து நோட்டுல எழுதணும், மேல தகவல் சொல்லணும். மழை வெள்ளம்னா எல்லா ஷட்டரையும் தூக்கி விடணும். மரையில ஏறி எறங்குற இரும்பு ஷட்டர் அது. கைப்பிடியைப் போட்டுச் சுத்திச் சுத்தி ஏத்தணும். ஒரு ஷட்டரு ஏத்தி முடிக்கிறதுக்குள்ள தோள்பட்டை கழண்டுடும். தண்ணி குறைஞ்ச வருஷம்தான் வம்பு. அப்ப முறை வெப்பாங்க. காவிரிக்கு ஆறு நாள், வெண்ணாத்துக்கு ஆறு நாள்னு மாத்தி மாத்தி விடுறது. எங்க முறையிலயும் மேல்மடைக்கு இத்தனை நேரம், கீழ்மடைக்கு இத்தனை நேரம்னு உள்ளுக்குள்ள கணக்கு இருக்கும். நம்ம வயலுக்குப் பக்கத்துலயே ஆத்துல தண்ணி சலசலன்னு போகும், நம்ம மதகு பூட்டிக் கிடக்கும். பாத்துக்கிட்டு நிக்கிறது சாதாரண விஷயம் இல்லைங்க.

அந்தப் பூட்டைப் போட்டது அவருங்கிறதால திட்டு வாங்கினதும் அவருதான். "நம்ம ஊருச் சோத்தைத் தின்னுட்டு அடுத்தவனுக்குத் தண்ணி விடுறான்"னு டீக்கடையில அவரு காதுபடவே பேசுவாங்க. அவரை விடச் சின்னப் பசங்க கூட வா போன்னு பேசுவானுங்க. நெலம் நிறைய வெச்சிருந்த ஒருத்தர் இளநீரும் பணமும் கொடுத்துவிட்டாரு. இளநீரை மட்டும் எடுத்துக்கிட்டுப் பணத்தைத் திருப்பி அனுப்பினாரு. "மரத்துல காய்ச்சதை வேணாம்னு சொல்லக்கூடாது தம்பி"ன்னு எங்கிட்ட சிரிச்சாரு. மறுநாள் அந்த மிராசுதாரு மதகும் முறைப்படி பூட்டித்தான் கிடந்தது. அதுக்கப்புறம் அவரைப் பத்தி மேல மொட்டைக் கடுதாசி போச்சு.

இப்ப என் விஷயத்துக்கு வர்றேன். இதை இதுவரைக்கும் எங்கேயும் சொன்னதில்லை.

2012. அந்த வருஷம் மேட்டூர் திறந்ததே செப்டம்பர் 17-லதான். குறுவை இல்லைன்னு ஆயிடுச்சு. சம்பாவுக்கு நேரடி விதைப்பு விட்டோம். வடகிழக்குப் பருவமழையும் ஏமாத்திடுச்சு. கார்த்திகை மாசம், பயிர் தூர் கட்டுற நேரம், எனக்கு இருந்த ரெண்டரை ஏக்கரும் வெடிப்பு விட ஆரம்பிச்சிடுச்சு. நகை அடகுல இருக்கு. கூட்டுறவுக் கடன் வேற. அன்னைக்குக் கீழ்மடை முறை. ராத்திரி பன்னெண்டு மணிக்கு நாங்க மூணு பேரு கடப்பாரையோட சட்ரஸுக்குப் போனோம். எங்க வாய்க்கால் மதகுப் பூட்டை ஒடைச்சுத் திறந்தோம். தண்ணி எங்க பக்கம் ஏறணும்னு ஆத்து ஷட்டரு ரெண்டைக் கீழ எறக்கினோம். வாய்க்கால்ல தண்ணி பாஞ்ச சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அந்த நேரம் சந்தோஷமாத்தான் இருந்தது.

ரெண்டு மணிக்கு டார்ச் வெளிச்சம் தெரிஞ்சது. மத்த ரெண்டு பேரும் இருட்டுல ஓடிட்டாங்க. நான் மட்டும் மாட்டிக்கிட்டேன். அவரு சத்தம் போடுவாருன்னு நெனச்சேன். போடலை. ஒடைஞ்ச பூட்டை எடுத்துப் பாத்தாரு, சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. சட்ரஸ் கட்டையில உக்காந்து ஒரு பீடியைப் பத்த வெச்சாரு.

"எவ்வளவு நேரமா ஓடுது?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும்ணே."

"சரி, மூடு."

"அண்ணே..."

"நான் மூட மாட்டேன் தம்பி. திறந்தவன்தான் மூடணும்."

மூடினேன். ஆத்து ஷட்டரு ரெண்டையும் நானே தூக்கினேன். அவரு பக்கத்துல நின்னு டார்ச் மட்டும் அடிச்சாரு.

மறுநாள் காலையில எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாரு. போலீசோடதான் வந்திருக்காருன்னு என் சம்சாரம் அழுவ ஆரம்பிச்சிட்டுது. அவரு, "ஒண்ணுமில்லம்மா, ஒரு இடம் வரைக்கும் போயிட்டு வர்றோம். வண்டியை எடு தம்பி"ன்னாரு. என் டி.வி.எஸ். வண்டியில பின்னால உக்காந்துக்கிட்டு ஆத்தங்கரையோட கீழ போகச் சொன்னாரு. இருபது கிலோமீட்டருக்குக் குறையாது. போகப் போக ஆத்துல தண்ணி கணுக்கால் அளவு ஆச்சு, அப்புறம் அங்கங்க குட்டையா நின்னுது, அப்புறம் ஈர மணல்தான். முந்தின நாள் ராத்திரி அங்க வந்திருக்க வேண்டிய தண்ணி அது.

ஒரு கிராமத்துல நிறுத்தச் சொன்னாரு. அங்க வயல்ல ஒரு அம்மாவும் பள்ளிக்கூடப் பாவாடை கட்டின ஒரு பொண்ணும் குளத்துலேர்ந்து குடத்துல தண்ணி மொண்டு வந்து பயிருக்கு ஊத்திக்கிட்டு இருந்தாங்க. குடத்துல! நெல்லுப் பயிருக்கு! அந்த அம்மா அண்ணனைப் பாத்துட்டு, "ராத்திரி வரும்னீங்களேண்ணே, முழிச்சே கெடந்தோம்"னு சொன்னுது. அண்ணன் என் பக்கம் திரும்பிக் கூடப் பாக்கலை. "மேல அளவு கொறைஞ்சு போச்சும்மா. நாளைக்கு வந்துடும்"னாரு. அவ்வளவுதான். என்னைக் காட்டிக் கொடுக்கலை, புத்தியும் சொல்லலை. திரும்பி வர்ற வழியெல்லாம் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசலை.

பின்னால தெரிஞ்சுக்கிட்டது ரெண்டு விஷயம். புதுப் பூட்டு அவரு காசுல வாங்கிப் போட்டாரு. நோட்டுல பன்னெண்டுலேர்ந்து ரெண்டு வரைக்கும் அளவு குறைஞ்சதை உள்ளது உள்ளபடி எழுதிட்டாரு. எழுதாம விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எழுதினதால, அந்த நேரம் நீ எங்க போனேன்னு அவருக்கு மெமோ வந்தது. அப்பவும் எங்க பேரைச் சொல்லலை. எனக்கு ஏக்கருக்கு ஏழு மூட்டைதான் கண்டது. திருடின தண்ணி பயிரைக் காப்பாத்தலை. கடைமடையில அதுவும் இல்லை, காஞ்ச பயிர்ல மாட்டை விட்டு மேய்ச்சாங்க.

2014-ல அவரு ரிட்டையர் ஆனாரு. எங்க ஊருல ஒரு துண்டு கூடப் போடலை. கடைமடையில மாலை போட்டு மேளம் வெச்சு அழைச்சுக்கிட்டுப் போனாங்கன்னு கேள்விப்பட்டேன். 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் அடிச்ச அன்னைக்கு, எங்க பக்கம் தென்னையெல்லாம் சாஞ்சு கெடக்கு, வீட்டு ஓடு பறந்து போச்சு, அவனவன் வீட்டைப் பாத்துக்கிட்டு இருக்கான். மதியம் சட்ரஸ் பக்கம் போனா, இந்த மனுஷன் லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஆத்துக்குள்ள நின்னு அருவாளால மரக்கிளையை வெட்டிக்கிட்டு இருக்காரு. ரிட்டையர் ஆகி நாலு வருஷம். "மரம் அடைச்சுக்கிட்டா அடுத்த மழைக்குக் கரை ஒடைஞ்சிடும் தம்பி, இந்தப் பக்கம் பிடி"ன்னாரு. நானும் எறங்கினேன். பொழுது சாயுற வரைக்கும் வெட்டினோம். அன்னைக்குச் சொல்லியிருக்கணும், "அண்ணே, அன்னைக்கு நான் செஞ்சது தப்புண்ணே"ன்னு. வாய் வரைக்கும் வந்தது, சொல்லலை. அதுக்கப்புறம் ஏழு வருஷத்துக்கு மேல பக்கத்துத் தெருவுல இருந்தும் சொல்லலை.

சுடுகாட்டுலேர்ந்து திரும்பும்போது அந்தப் பெரியவர்கிட்ட பேச்சுக் கொடுத்தேன். எனக்குத் தெரியாத ஒண்ணைச் சொன்னாரு. வருஷா வருஷம் மேட்டூர்த் தண்ணி எங்க சட்ரஸைத் தாண்டினதும், அண்ணன் சைக்கிளை எடுத்துக்கிட்டு தண்ணிக்கு முன்னாடியே கடைமடைக்குப் போயிடுவாராம். தெருத் தெருவா, "நாளை ராத்திரிக்குள்ள வந்துடும், வாய்க்காலை வெட்டி வைங்க, நாத்தங்காலைத் தயார் பண்ணுங்க"ன்னு சொல்லிட்டு வருவாராம். அது அவரு வேலையில சேராது. இப்ப இருக்கிற மாதிரி போன் இல்லாத காலத்துல ஆரம்பிச்சது, போன் வந்த அப்புறமும் விடலையாம். "தண்ணி வரும்போது அவரு மூஞ்சிதான் எங்களுக்கு முதல்ல தெரியும்"னாரு பெரியவர். அந்தக் குடத்து அம்மாவும் வேன்ல வந்திருந்தாங்க. என்னை அடையாளம் தெரியலை. நானும் சொல்லிக்கலை.

இப்ப எங்க சட்ரஸுக்குன்னு தனியா லஸ்கர் கிடையாது. ஒரே ஆளு நாலஞ்சு இடத்தைச் சேத்துப் பாக்குறாரு. பாவம், அவரைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனமில்லை. ராத்திரி முறைக்கு அவரால எங்கன்னு நிக்க முடியும்? மோட்டார் வெச்ச ஷட்டரும் சில இடத்துல வந்துடுச்சு, நல்லதுதான். தோள்பட்டை மிச்சம். அளவை வாட்ஸ்அப்புல அனுப்புறாங்க. ஆனா நடுராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் அடிச்சுக்கிட்டு வர்றது மோட்டாரு இல்லை. தண்ணி நிறைய வர்ற வருஷம் இந்தக் குறை தெரியாது. 2012 மாதிரி இன்னொரு வருஷம் வந்தாத்தான் தெரியும்.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கடைமடைக்கு நானே போய்ச் சொல்லிட்டு வந்தேன். அந்த அம்மா வீட்டுக்கும் போனேன். 2012-ல அந்த ராத்திரி தண்ணி ஏன் வரலைங்கிறதையும் சொன்னேன். அவங்க கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "அண்ணனுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டாங்க. தெரியும்னேன். "அப்ப சரி. அவரே ஒண்ணும் சொல்லலை, நான் என்ன சொல்றது"ன்னுட்டு, மோரு கொண்டாந்து கொடுத்தாங்க.

அடுத்த பதிவுல சம்பா நாத்தங்கால் பத்தி எழுதுறேன். ரெண்டு மூணு பேரு கேட்டிருந்தீங்க, மறக்கலை.